பதினான்கு பாட்டில் பாசி

எங்கள் தெருவில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடப்பதில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். நான் என்ன செய்ய? என் சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. மாடியோ அருமைநாயகம் அண்ணாச்சி வீட்டு மாடியை ஒட்டி, நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றோடு இருக்கிறது. பாளையங்கோட்டையில் மற்றவர்கள் வீட்டுக்குத் தளம் போட்டார்கள். என் மாமனார் எனக்கு வசதி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி வீட்டு மாடி அறைக்கு இசக்கிச்செல்வி குடிவந்து இரண்டரை வருஷம் ஆகிறது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம். அப்பா கொம்பையா வயல் வேலைக்குப் போகிறவர். இவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. என்ன ஆராய்ச்சி என்று தெருவில் யாருக்கும் தெரியாது. சமைப்பதே இல்லை, மெஸ்ஸில்தான் சாப்பாடு என்று சொன்ன பெண்ணின் மாடியிலிருந்து பச்சைப் பூண்டு வாசம் வந்தால் எத்தனை நாள்தான் பொறுப்பது?

எங்கள் பெண்கள் ஜெபக் குழுவில் யாரும் புறணி பேசுவதில்லை. ஜெபக் குறிப்புதான் கொடுப்போம். "பெயர் சொல்ல வேண்டாம், என் அடுத்த வீட்டு மாடியில் இருக்கிற ஒரு சகோதரிக்காக" என்று நானும் ஒரு குறிப்பு கொடுத்தேன். கண்ணை மூடுவதற்கு முன்னாலேயே ரீபா, "எபனேசர் சார் பிள்ளைக்கு டியூஷன் எடுக்குமே, அந்தப் பெண்ணா?" என்று கேட்டுவிட்டாள்.

மறுநாளே சுவரைத் தாண்டினேன்.

சன்ஷேடுக்குக் கீழே வரிசையாகப் பதினான்கு பாட்டில்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எல்லாம் கலந்து இருந்தன. வாயில் வலைத்துணி, மேலே எண் எழுதிய சீட்டு. உள்ளே தண்ணீரில் பச்சைப் பச்சையாகக் கயிறு போலப் பாசி. பூண்டு வாசம் அதிலிருந்துதான் வந்தது.

"ஏட்டி செல்வி, இந்தக் கண்றாவியையா வச்சுப் படிக்கே?"

"யக்கா, இங்கன பாருங்க. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவுல இருக்குல்லா, இது முழுசும் ஒரே ஒரு செல்லு."

"என் சுண்டுவிரல் நீளம் இருக்கே!"

"அதான்க்கா விசேஷம். நம்ம உடம்புல உள்ள செல்லைக் கண்ணால பாக்க முடியுமா? எங்க அப்பா நெல்லுக்குள்ள களைன்னு பிடுங்கி எறியுதாரு. நான் பொறுக்கிட்டு வந்து வச்சிருக்கேன்."

துறையில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த சின்ன மைக்ராஸ்கோப்பில் என்னைக் குனியச் சொன்னாள். உள்ளே பச்சைத் துணுக்குகள் ஒரு பக்கமாக மேலே ஏறி மறுபக்கமாகக் கீழே இறங்கி ஓடிக்கொண்டே இருந்தன. ஐப்பசியில் சுலோச்சனா முதலியார் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இதுல கண்ணாடி ஊசியால ஒரு குத்து குத்தினா இந்த ஓட்டம் நின்னுரும். செல்லுக்கு வெளியில மெல்லிசா ஒரு சவ்வு இருக்குக்கா. அது கிழிஞ்சு அப்படியே கெடந்தா உள்ள இருக்கது கசிஞ்சு செத்துப்போகும். ஆனா அது தன்னைத் தானே அடைச்சுக்கிடும்."

"யாரு அடைக்கா?"

"வெளித்தண்ணியில இருக்க கால்சியம் கிழிசல் வழியா உள்ள பாயும். அது பாஞ்சாத்தான் இங்கன கிழிஞ்சிருக்குன்னு உள்ள தெரியும். உடனே உள்ள இருக்க சின்னச் சின்னப் பையெல்லாம் அங்கன ஓடி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஓட்டையை மூடிரும். கொஞ்ச நேரத்துல ஓட்டம் திரும்பவும் ஆரம்பிச்சிரும்."

"அப்ப கால்சியம்ங்கது என்ன மாதிரி ஆளு. வாசல் கேட்டு திறந்து கெடந்தா உள்ள போய்ப் பாத்து ஊரைக் கூட்டுத ஆளு."

அவள் சிரித்தாள். "அதேதான்க்கா. நீங்க வரலைன்னா செல்லு செத்துப்போகும்."

இதை ஜெபக் குழுவில் மூன்று தடவை சொன்னேன். ரீபாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் ஆனி மாதத்திலிருந்து அந்தப் பெண்ணின் முகம் சரியில்லை. அதையும் நான்தான் முதலில் கவனித்தேன். அதுவரை வயல் தண்ணீரிலேயே வைத்துக் குத்தினாளாம், செல்லும் பிழைத்துக்கொண்டதாம். அவளுடைய கைடு சங்கரசுப்பிரமணியன், "வயல் தண்ணியில என்னென்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? என்ன இருக்குன்னு தெரிஞ்ச தண்ணியில செஞ்சு காட்டு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சுத்தமான தண்ணீரில் ஏதேதோ பொடியை அளந்து போட்டு இவளே கலக்குகிறாள். கலங்கலாக இருந்தால் வெள்ளைத் துணியில் வடிகட்டி, பாட்டில்களிலும் அதையே ஊற்றுவாள். அந்தத் துணி கொடியில் காயும். மாவு அரித்த துணி மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். அதையும் பார்த்துத்தான் வைத்திருந்தேன்.

அந்தத் தண்ணீரில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. குத்தினால் ஓட்டம் நிற்கும், திரும்ப வராது. பச்சை வெளுத்து, வடித்த கஞ்சி மாதிரி கசிந்து, துவண்டு போகும். மூன்று மாதமாக இதே கதை. புரட்டாசி பிறந்ததும் என்னிடம் சொன்னாள்: அடுத்த வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிக் கமிட்டி உட்காருகிறது. அவர்கள் கண்முன்னால் ஒரு செல்லாவது மூடிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார்கள். இரண்டரை வருஷம் தண்ணீரில் போகும்.

"மறுபடியும் முதல்ல இருந்துன்னா எங்க வீட்டுல விடமாட்டாகக்கா" என்றாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது. "போதும், வீட்டுக்கு வான்னு சொல்லிருவாக."

நான் ஆறுதல் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். நான்கு நாள் கழித்து நான் செய்த காரியத்தை இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கிற மாநகராட்சி ஆள் சுடலைமணி டார்ச்சோடு வந்தார். குலசைக் கோயில் தசராவுக்கு விரத மாலை போட்டிருந்தார். கழுத்தில் மணிமாலை, இடுப்பில் சிவப்பு வேட்டி. என் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டில் டார்ச்சை அடித்தவர், "யக்கா, இங்கன வந்து பாருங்க. எப்படி நெளியுதுன்னு" என்றார், தெருவுக்கே கேட்கிற குரலில்.

எதிர்வீட்டில் கெசியா வாசலுக்கு வந்துவிட்டாள். சுடலைமணி சாக்பீஸை எடுத்தார். வாசல் சுவரில் தேதி போட்டு 'புழு உண்டு' என்று எழுதிவிட்டுப் போவது அவர் வழக்கம். என் சுவரிலா!

"ஒரு தட்டுத் தண்ணிக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா? அடுத்த மாடியில போய்ப் பாருங்க. பதினாலு பாட்டில் தண்ணி மாசக்கணக்கா நிக்கி. அதைக் கேக்க ஆளில்ல."

சொல்லி முடிக்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. ஆனால் சாக்பீஸ் சட்டைப் பைக்குள் திரும்பிப் போய்விட்டதே.

செல்வி பல்கலைக்கழகத்தில் இருந்தாள். அண்ணாச்சி பேரனைப் பார்க்க நாகர்கோவில் போயிருந்தார். சுடலைமணி என் மாடி வழியாகவே ஏறிப் போனார். பின்னாலேயே நானும் ஓடினேன். "வலை கட்டியிருக்குவே, புழு இருக்காது, விடும்" என்றேன். "வலை இருந்தா என்ன, நிக்கித தண்ணி நிக்கித தண்ணிதானே" என்று அவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே போனார். பதினான்கு பச்சைக் குவியல்கள் வெயிலில் சூடேறிய தளத்தில் வரிசையாகக் கிடந்தன.

அவர் இறங்கிப் போன பிறகுதான் நான் நாளை எண்ணிப் பார்த்தேன்.

கமிட்டிக்கு நாலு நாள். அவள் திரும்பி வர இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் பாசி அதற்குள் காய்ந்துவிடும். அன்று குழாயில் ஆற்றுத் தண்ணீர் வராத நாள். குடிக்கப் பிடித்து வைத்தது ஒரு குடம்தான். மோட்டாரைப் போட்டேன். எங்கள் போர்த் தண்ணீரைப் பற்றித் தெருவுக்கே தெரியும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தானே என்று வாளி வாளியாகச் சுமந்தேன்.

முதல் ஐந்து குவியலையும் நிதானமாக, எது எதற்கு நேரே கிடந்ததோ அந்தந்தப் பாட்டிலில் போட்டேன். ஆறாவதைக் கையில் எடுத்தபோது கீழே கேட் சத்தம். அவளோ என்று உயிர் போய்விட்டது. தபால்காரர்தான். ஆனால் அந்தப் பதற்றத்தில் மிச்சம் ஒன்பதையும் அள்ளி, கைக்கு வந்ததைக் கிடைத்த பாட்டிலில் திணித்து, வலையைக் கட்டிவிட்டு இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"யக்கா, பாட்டில்ல தண்ணி கூடியிருக்கே?"

"மத்தியானம் இங்கன காத்தோட ஒரு தூறல் போட்டுச்சுட்டி" என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் பக்கத்துத் தொட்டிச் செடியோ ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வாடிக் கிடந்தது.

அவ்வளவுதான், என் நிம்மதி போயிற்று. செவ்வாய் முழுக்க வாயில் சுடுதண்ணீரை வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தேன். யாராவது "என்ன சாலோமி, என்ன விசேஷம்?" என்றால் எல்லாம் கொட்டிவிடும். கெசியா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். புதன்கிழமை ஜெபக் குழுவில் என் முறை வந்தபோது, "ஒண்ணும் இல்ல" என்றேன். கூட்டமே நிமிர்ந்து பார்த்தது. ரீபா எனக்காகவே தனியாக ஜெபித்தாள்.

இன்னொரு பயமும் இருந்தது. சுடலைமணி மாலை போட்டவர். விரதத்தில் இருக்கிற மனிதர் பொய் சொல்ல மாட்டார். செல்வி தெருமுனையில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. அவர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் நான் கதவைச் சாத்தினேன்.

இதற்கு நடுவே நடந்ததுதான் விந்தை. புதன்கிழமை சாயங்காலம் அவள் மூன்றாம் பாட்டிலிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அந்தப் பாட்டில் தண்ணீரிலேயே வைத்துக் குத்திப் பார்த்திருக்கிறாள். நின்ற ஓட்டம் ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிட்டது. ஒன்பதாம் பாட்டிலிலும் அப்படியே. "யக்கா, பிழைச்சிட்டு! பிழைச்சிட்டு!" என்று சுவரில் கை ஊன்றிக் குதித்தாள்.

கர்த்தர் என் பாவத்தை நன்மையாக மாற்றிவிட்டார், இனி வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நான் அன்று நன்றாகவே சாப்பிட்டேன். அது வியாழன் சாயங்காலம் வரைதான்.

"நேத்து பிழைச்சதுக்குக் காரணம் தெரியாம கமிட்டி முன்னால நிக்க முடியுமாக்கா?" என்று நோட்டைக் காட்டினாள். "யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். புதுசா சேந்தது மழைத்தண்ணி ஒண்ணுதான். மழைத்தண்ணியில உப்பு ஒண்ணும் இருக்காதுல்லா? அப்ப என் தண்ணியில உப்பு சாஸ்தியாப் போச்சு. நாளைக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணியை அதோட கலந்து கொண்டுபோய்க் காட்டப் போறேன்."

நோட்டில் திங்கட்கிழமைத் தேதிக்கு நேரே, நீல மையில், 'பிற்பகல் தூறல்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

எனக்கு ஆராய்ச்சி தெரியாது. ஆனால் பெய்யாத மழையை நம்பி ஒரு பெண் நாளைக் காலை பஸ் ஏறப் போகிறாள் என்பது தெரிந்தது. "நல்லா செய்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்பது ஒரு பக்கம். ஊரார் வீட்டுக் கதையை இத்தனை வருஷம் சொன்ன எனக்கு, என் கதையை எப்படித் தொடங்குவதென்று பிடிபடவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவள் இரண்டு பாட்டில்களைப் பைக்குள் வைத்துத் துண்டால் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் கேன். நான் சுவரைத் தாண்டினேன். சேலை முந்தி செங்கலில் மாட்டிக் கிழிந்தது.

"செல்வி, திங்கக்கிழமை தூறல் போடல."

"என்னக்கா?"

"ஒரு பொட்டு மழை இல்ல. சுடலைமணி வந்தாரு. உன் பாட்டில் எல்லாத்தையும் கவுத்துட்டாரு. கையைக் காட்டி விட்டது நான்தான். அப்புறம் நான்தான் அள்ளிப் போட்டுத் தண்ணி ஊத்தினேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. துண்டின் முனையைப் பிடித்தபடியே இருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"எந்தத் தண்ணி?"

"எங்க போர்த் தண்ணி. ஒண்ணுக்கும் ஆகாத தண்ணிட்டி. வாளியில வெள்ளையாப் படியும், உன் வடிகட்டுத துணியில ஒட்டியிருக்குமே, அதே மாதிரி."

"என் துணியிலயா?"

கொடியில் கிடந்த துணியை எழுந்துபோய் எடுத்தாள். நகத்தால் சுரண்டினாள். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கலங்கலா இருக்கேன்னு வடிச்சேன்" என்றாள். "போட்ட பொடியில ரெண்டு ஒண்ணா சேந்து படிஞ்சிருக்கு. கால்சியம் பூராவும் துணியிலதான் நின்னுருக்கு. மூணு மாசமா அதை வடிச்சுக் காயப் போட்டுட்டு, தெளிஞ்ச தண்ணியில வச்சுக் குத்தி, ஏன் மூடல, ஏன் மூடலைன்னு அழுதிருக்கேன்."

எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. பாட்டில்கள் பக்கம் திரும்பினாள்.

"நம்பரு? ஏழு வயல்ல எடுத்தது, ஏழு குளத்துல எடுத்தது. எது எதுல இருக்கு?"

"அவசரத்துல கொஞ்சம் கலந்துபோச்சுட்டி."

"நாலு நாளா ஏன் சொல்லல? ஊர்ல உள்ளது எல்லாத்தையும் சொல்லுதீக. இதை ஒண்ணைச் சொல்ல முடியலையாக்கா உங்களால?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு கேன்ல உங்க தண்ணி பிடிங்க. நீங்களும் வாங்க. அவுக கேட்டா நடந்ததை நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

வண்ணார்பேட்டையில் பஸ் மாறினோம். ஐந்து லிட்டர் போர்த் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் பாட்டில் பையோடு முன் சீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்து சீட்டில் இருந்த பெண் செல்போனில் தன் நாத்தனாரைப் பற்றி ருசியாகப் பேசிக்கொண்டு வந்தாள். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைச் சாலையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சங்கரசுப்பிரமணியன். செல்வி நோட்டைத் திறந்து, 'பிற்பகல் தூறல்' என்பதை அவர்கள் முன்னாலேயே ஒரு கோடு போட்டு அடித்தாள். எதையும் மறைக்கவில்லை. வடிகட்டியது, கவிழ்த்தது, எண் குழம்பியது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"போர் எத்தனை அடிம்மா?"

"இருநூத்திப் பத்து சார். முதல்ல நூத்தம்பதுல விட்டிருந்தோம், அருமைநாயகம் அண்ணாச்சி போர் போட்ட வருஷம்தான் எங்களுக்குத் தண்ணி இறங்கி, அதுக்கப்புறம் அவுக..."

"போதும்மா."

முதலில் என் தண்ணீரில் வைத்துக் குத்தினாள். திரையில் எல்லாருக்கும் தெரிந்தது. ஓட்டம் நின்றது. நாலரை நிமிஷத்தில் ஒரு துணுக்கு நகர்ந்தது, பின்னாலேயே மற்றவை. எனக்குக் கைதட்ட வந்தது. ஆனால் அவர், "இதுலயும் என்னென்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? வயல் தண்ணிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார்.

"அதான் சார், இப்ப தெரிஞ்ச தண்ணியிலயே காட்டுதேன்" என்றாள் செல்வி. தானே கலந்து வடிகட்டிய தண்ணீரைக் கிண்ணத்தில் விட்டு, அந்த அறையிலிருந்த புட்டியிலிருந்து கால்சியத்தை அளந்து, தனியே கரைத்துச் சேர்த்தாள். தண்ணீர் கலங்கவில்லை. ஊசியை எடுத்தாள். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குத்தினாள்.

ஓட்டம் நின்றது.

மூன்று நிமிஷம். நான்கு. என் தண்ணீரில் வந்த நேரம் தாண்டிவிட்டது. ஐந்து. கமிட்டியில் ஒருவர் பேனாவை மூடினார். செல்வி இமைக்கவே இல்லை. ஆறு. நான் கேனின் பிடியை இறுக்கிக்கொண்டு, பெயரைச் சொல்லியே ஜெபித்தேன். ஏழாவது நிமிஷத்தில் ஓரமாக ஒரு பச்சைத் துணுக்கு, போவதா வேண்டாமா என்பதுபோல் அசைந்தது. பைய நகர்ந்தது. பிறகு எல்லாம் நகர்ந்தன.

தலைப்பு பிழைத்தது. ஆனால் வயலையும் குளத்தையும் ஒப்பிட்ட பகுதிக்கு, எந்தப் பாசி எது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவற்றை மட்டும் வைத்துக்கொள், மற்றதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எடு என்று சொல்லிவிட்டார்கள். குறைந்தது ஆறு மாதம்.

நாலு மணிக்கு மாடியில் பதினான்கு பாட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தோம். அவள் பேனாவைத் திறந்தாள். குரலில் இன்னும் காலையில் இருந்த விறைப்புதான்.

"ஒண்ணு?"

"அதேதான். குழாய்க்குப் பக்கத்துல கெடந்தது."

"ரெண்டு?"

"அதுவும் சரிதான்."

ஐந்து வரை அவள் எழுதிக்கொண்டே வந்தாள். ஆறாம் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். வயல் என்று சொல்லலாம். குளம் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வாள். அவள் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது.

"தெரியல" என்றேன்.

அவள் ஆறாம் பாட்டிலை அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "ஏழு?" என்றாள்.